கட்டியதை ஊருக்குக் காட்ட எது சரி: கூடமா, சுவரா, வீடா?

இந்தியாவில் பதிவு பெற்ற ஆர்க்கிடெக்ட் தன் தொழிலுக்கு விளம்பரம் கொடுக்கக் கூடாது. 1989-இல் வந்த தொழில் நடத்தை விதிகள் அப்படிச் சொல்கின்றன. தான் கட்டும் கட்டடத்தின் வாசலில் பெயர்ப்பலகை வைக்கலாம், ஆனால் எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. பத்திரிகையில் கட்டடத்தின் படமும் விவரமும் பெயரோடு வரலாம், அதற்காகக் காசு கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. நகைக்கடைக்கும் ரியல் எஸ்டேட்டுக்கும் தெருவெங்கும் பேனர் இருக்க, அந்த மனைகளில் எழும் வீடுகளை வரைந்தவர் வாய்வழிச் செய்தியை நம்பித்தான் பிழைக்கிறார்.

அதனால்தான் கண்காட்சி என்ற பேச்சு சின்ன அலுவலகங்களில் அடிக்கடி எழுகிறது. நான்கைந்து பேர் வேலை செய்யும் அலுவலகம், எட்டுப் பத்து வருட அனுபவம், ஏழெட்டு வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், கட்டாமல் நின்றுபோன சில திட்டங்கள் என்று வைத்துக்கொள்வோம். முதன்முறையாக இதையெல்லாம் பொதுமக்கள் முன் வைக்கலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். எப்படி வைப்பது? கண்காட்சிக் கூடம் எடுத்து வரைபடமும் மாடலும் வைக்கலாம். ஏதாவது ஒன்றை முழு அளவில் கட்டிக் காட்டலாம். கட்டி முடித்த கட்டடத்தையே திறந்துவிடலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பியன்னாலே மாதிரியான பெரிய கூட்டுக் கண்காட்சியில் இடம் தேடலாம். பெரும்பாலானவர்கள் யோசிக்காமல் முதலாவதைத்தான் எடுக்கிறார்கள். அது கடைசியாக எடுக்க வேண்டியது என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

ஓவியர் கண்காட்சி வைத்தால் ஓவியமே சுவரில் தொங்கும். ஆர்க்கிடெக்ட் கண்காட்சி வைத்தால் கட்டடம் வேறு எங்கேயோ இருக்கும், கூடத்துக்குள் வருவது அதன் பதிலாள் மட்டும்தான். வரைபடம், மாடல், புகைப்படம், வீடியோ என்று எதை வைத்தாலும் அந்தக் குறை போகாது. இதை நன்றாக உணர்ந்தவர் இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா. கட்டடத்தைச் சொல்லி விளக்க முடியாது, போய் அனுபவிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. 2022-இல் அவருடைய ஆவணக் காப்பகத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட வரைபடங்களையும் படங்களையும் எடுத்துக் கொழும்பில் கண்காட்சி வைத்தார்கள், அடுத்த வருடம் அது டெல்லி தேசிய நவீன ஓவியக்கூடத்துக்கும் வந்தது. அதற்கு வைத்த தலைப்பே, அங்கே நேரில் இருந்தாக வேண்டும் என்ற பொருளில்தான் இருந்தது. வரைபடக் கண்காட்சி தன் எல்லையைத் தானே நெற்றியில் எழுதிக்கொண்டு வந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்படியானால் கூடம் வீணா? இல்லை. பாவாவின் வரைபடங்களுக்குத் தனி மதிப்பு உண்டு. அவருடைய அலுவலகத்தில் மரத்தை வெறும் வட்டமாகப் போட்டுவிட்டுப் போக மாட்டார்கள். இன்ன மரம், கிளை இப்படிப் போகிறது, இலை இப்படி என்று பார்த்து வரைவார்கள். லக்கி சேனாநாயக்க அந்த அலுவலகத்தில் வரைந்தவர், பிறகு பெரிய ஓவியராகப் பெயர் எடுத்தவர். யாழ்ப்பாண வேர் கொண்ட சி. அஞ்சலேந்திரனும் அங்கே வேலை பார்த்தவர்தான். அப்படி வரைந்த தாளைச் சுவரில் மாட்டினால் அது தானாகவே பேசும். கட்டாமல் போன திட்டங்களுக்கும் கூடத்தை விட்டால் வேறு போக்கிடம் கிடையாது. ஒருவருடைய நாற்பது வருட வேலையை வரிசையாக வைத்து, இவர் எங்கே மாறினார், எதைக் கடைசிவரை விடவில்லை என்று பார்ப்பதற்கும் கூடம்தான் வேண்டும். இந்தியக் கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 6000-க்கும் மேற்பட்ட வரைபடங்களை லண்டனில் உள்ள பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் ராயல் நிறுவனத்துக்குக் கொடுத்தார், அதை ஒட்டி 2013-இல் அங்கே நடந்த கண்காட்சி அந்த வகை.

ஆனால் நம் சின்ன அலுவலகத்திடம் நாற்பது வருடக் கதை இல்லை. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், கல்லூரி ஜூரிக்கும் (மாணவர் வேலையை மதிப்பிடும் குழு) போட்டிக்கும் தயாரித்த அதே ஏ1 பேனல்களை ஃபோம் போர்டில் ஒட்டிக் கொண்டுவந்து மாட்டுகிறார்கள். எறும்பு போல எழுத்து, கம்ப்யூட்டரில் செய்த ரெண்டர் படம், நீல வானம், எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய வெள்ளைக்கார மனிதர்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் மற்ற ஆர்க்கிடெக்ட்கள், மீதிப் பேர் மாணவர்கள். தெருவில் போகிறவர் உள்ளே வந்தால், நேராக மாடலிடம் போய்க் குனிந்து வாசல் எங்கே என்று தேடுவார், கிடைத்தால் நிற்பார், இல்லாவிட்டால் போய்விடுவார். இதில் அவர் மீது ஒரு குறையும் இல்லை. பிளான் படிப்பது ஆர்க்கிடெக்ட்களான எங்களுக்கே இரண்டு வருடம் கழித்துத்தான் சரியாக வந்தது.

கூடம்தான் என்று முடிவெடுத்தால் என் யோசனை எளிது. இருபது பேனலுக்குப் பதிலாக, ஒரே வீட்டின் குறுக்குவெட்டுப் படத்தை, அதாவது செக்‌ஷனை 1:20 அளவில் (அசலில் இருபதில் ஒரு பங்கு) சுவர் நீளத்துக்கு வரையுங்கள். அந்த அளவில் நிற்கும் ஆள் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் இருப்பார், முகபாவம் கூட வரையலாம். மழைநீர் கூரையில் விழுந்து, எந்தக் குழாய் வழியாக இறங்கி, எந்தத் தொட்டிக்குப் போகிறது என்று காட்டுங்கள். மதியம் மூன்று மணிக்கு வெயில் எதுவரை உள்ளே வருகிறது என்று கோடு போடுங்கள். இவை வீடு கட்டியவர்களும் கட்டப்போகிறவர்களும் நின்று பார்க்கிற விஷயங்கள். மாடலும் 1:200-இல் வேண்டாம், அதில் மனிதர் ஒரு சென்டிமீட்டர் கூட இருக்க மாட்டார். 1:50-இல் செய்தால் குனிந்து கண்ணை வைத்து அறைக்குள் பார்க்கலாம். 2010 வெனிஸ் பியன்னாலேயில் கட்டடக் கலைஞர் பிஜாய் ஜெயினின் அலுவலகமான ஸ்டூடியோ மும்பை தன் பட்டறையில் இருந்த மாடல்களையும் மரத்துண்டுகளையும் பொருள் மாதிரிகளையும் அப்படியே கொண்டுபோய் வைத்தது. முடிந்த கட்டடத்தின் பளபளப்பான படத்தை விட, அது எப்படி உருவாகிறது என்பதே அங்கே காட்சியாக இருந்தது. கூடத்துக்குப் பொருந்துவது இந்த வழிதான்.

இனி முழு அளவில் கட்டிக் காட்டுவது. இதில் வெனிஸ் நகரின் ஆர்செனாலே என்ற பழைய கப்பல்கட்டும் தளத்தில் வைத்த இரண்டு வேலைகளை அடுத்தடுத்துப் பார்த்தால் போதும், வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

முதலாவது 1980. வெனிஸின் முதல் சர்வதேசக் கட்டடக்கலைப் பியன்னாலே. பாவ்லோ போர்த்தொகேசி அதன் இயக்குநர். உள்ளே ஒரு தெருவையே போட்டார், பக்கத்துக்குப் பத்தாக இருபது முகப்புகள், ஒவ்வொன்றையும் ஒரு கட்டடக் கலைஞர் வடிவமைத்தார். கட்டிக் கொடுத்தவர்கள் ரோமாபுரியின் சினெசிட்டா ஸ்டூடியோவின் சினிமா செட் கலைஞர்கள். அட்டகாசமான வேலை, உலகம் முழுக்கப் பேசினார்கள், பிறகு பாரிஸுக்கும் சான்ஃபிரான்சிஸ்கோவுக்கும் போனது. ஆனால் செட் செட்தான். முகப்பு இருந்தது, வீடு இல்லை.

இரண்டாவது 2012. ஆரோவில்லில் வேர்விட்டு வேலை செய்த கட்டடக் கலைஞர் அனுபமா குண்டு, அங்கே 2000-இல் தனக்காகக் கட்டிய வால் ஹவுஸ் என்ற வீட்டை அதே ஆர்செனாலேக்குள் முழு அளவில் எழுப்பினார். இந்தியாவிலிருந்து கைவினைக் கலைஞர்கள் போனார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக மாணவர்களும் வெனிஸ் மாணவர்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். அசல் வீட்டின் சுவர் நம் பக்கத்து அச்சுக்கல்லால் ஆனது. கையால் அறுத்துச் சூளையில் சுட்ட, இன்றைய செங்கல்லை விட மெல்லிய சின்னக் கல். கூரைக்குக் குயவர்கள் செய்த சுடுமண் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி வளைவாகக் கோத்தார்கள். மேல்தளத்தில் கான்கிரீட்டுக்குள் பானைகளைப் பதித்து, போகும் கம்பியையும் சிமென்ட்டையும் குறைத்தார்கள். இதைப் புகைப்படத்தில் காட்டினால் ‘அழகான செங்கல் சுவர்’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்தில் நின்றால்தான் எத்தனை கை பட்ட சுவர் அது என்று புரியும். வரைந்தவரை மட்டுமல்ல, கல் வைத்தவரையும் கண்காட்சிக்குள் கொண்டுவந்ததுதான் இதன் பெருமை. எனக்குத் தெரிந்து தமிழ்நாட்டு மண்ணின் கட்டுமானக் கைவேலைக்கு உலக மேடையில் கிடைத்த மரியாதைகளில் இது முக்கியமானது, அதற்குரிய அளவுக்கு நாம் இங்கே பேசவே இல்லை.

எனவே முழு அளவு என்பது யாருக்குச் சரி? கட்டும் முறையே உங்கள் பலம் என்றால் சரி. மண், சுண்ணாம்பு, ஃபெரோசிமென்ட் (கம்பி வலைமேல் பூசும் மெல்லிய சிமென்ட்), மூங்கில், கருங்கல் என்று பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. உங்கள் பலம் திட்டமிடலில், அதாவது நெருக்கடியான மனையில் காற்றும் வெளிச்சமும் கொண்டுவருவதில் இருக்கிறது என்றால், ஒரு சுவரைக் கட்டி வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. வரைபடம் அதை நன்றாகச் சொல்லும், வீடு அதைவிட நன்றாகச் சொல்லும்.

செலவும் லேசானதல்ல. கல் வரவேண்டும், மேஸ்திரி வரவேண்டும், சிமென்ட் வேலை என்றால் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டு ஆற்ற வேண்டும், சுண்ணாம்பு என்றால் இன்னும் பொறுமை வேண்டும். அதற்குள் கூடத்தின் வாடகை ஓடும். தரை எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்காமல் முதல் மாடியில் செங்கல் இறக்கவே கூடாது. எல்லாம் முடிந்த பிறகு அதை என்ன செய்வது என்பது பெரிய கேள்வி. ஜெர்மன் கட்டடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1929-இல் பார்சிலோனாவில் எழுப்பிய ஜெர்மானியக் காட்சி மண்டபம் அடுத்த ஆண்டே பிரிக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேல் உலகம் அதைக் கறுப்பு வெள்ளைப் படங்களில்தான் பார்த்தது. 1983-க்கும் 1986-க்கும் இடையில் அதே இடத்தில் மறுபடி கட்டிய பிறகுதான் அந்தப் பச்சைச் சலவைக்கல்லும் தேன் நிற ஓனிக்ஸ் கல் சுவரும் மக்கள் கண்ணில் பட்டன. நம் பக்கத்திலும் கொரியா 1961-இல் டெல்லி தொழிற்பொருட்காட்சிக்காக இந்துஸ்தான் லீவர் மண்டபத்தைக் கட்டினார், கசக்கிய காகிதம் போன்ற கான்கிரீட் உருவம், உள்ளே சரிவுப் பாதையில் ஏறி இறங்கிப் போக வேண்டும். இன்று படங்கள்தான் மிச்சம். மாறாக, பிஜாய் ஜெயின் 2016-இல் மெல்பர்னில் ஏழு கிலோமீட்டர் நீள மூங்கிலை வைத்துக் கட்டிய எம்பெவிலியன் என்ற தற்காலிக மண்டபம், பருவம் முடிந்ததும் குப்பைக்குப் போகவில்லை. அங்குள்ள விலங்குக் காட்சிசாலைக்கு இடம் மாறியது. முழு அளவு வேலையில் இறங்குகிறவர்கள் அடுத்த இடத்தை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளி வாசலில் உட்காரும் திண்ணையாக, பஸ் நிறுத்தத்தின் நிழலாக அது மாறும் என்றால் தாராளமாகக் கட்டுங்கள். மாறாது என்றால் ஒரு ஜன்னலையோ, ஒரு வளைவையோ கட்டினால் போதும், முழு மண்டபம் வேண்டாம்.

மூன்றாவது வழி, கட்டடத்தையே திறந்து விடுவது. என் மனம் இருப்பது இதில்தான்.

இதற்குப் பெரிய முன்னுதாரணம் 1927, ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட். வைசென்ஹோஃப் குடியிருப்பு. மீஸ் தலைமையில் 17 கட்டடக் கலைஞர்கள் 21 கட்டடங்களை எழுப்பினார்கள், லெ கொர்பூசியே உட்பட. ஊருக்கு வீடு தேவைப்பட்டது, நகராட்சி பணம் போட்டது, கோடையில் மக்கள் டிக்கெட் வாங்கி அறை அறையாக நடந்து பார்த்தார்கள், ஏறத்தாழ ஐந்து லட்சம் பேர். கண்காட்சி முடிந்ததும் வீடுகளுக்குக் குடித்தனக்காரர்கள் வந்தார்கள். இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் சில அழிந்தன, இன்று மிஞ்சியிருப்பவை 11 கட்டடங்கள். பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அதே சமயம் ஊருக்குள் ஒரு கூடத்தில் வரைபட, மாடல் கண்காட்சியும் நடந்தது. குடியிருப்பை ஒட்டிய மனையில் புதுக் கட்டுமானப் பொருட்களையும் முறைகளையும் தனியாகக் காட்டினார்கள். கூடம், பொருள், வீடு மூன்றும் சேர்ந்து நடந்தன, ஆனால் எல்லோருக்கும் ஞாபகத்தில் நின்றது வீடுகள்தான்.

அவ்வளவு பெரிய திட்டம் நமக்கு எதற்கு? லண்டனில் 1992-இல் தொடங்கிய ஓப்பன் ஹவுஸ் இன்னும் எளிது. வருடத்தில் சில நாள் நகரத்தின் கட்டடங்கள் இலவசமாகத் திறக்கும், மக்கள் வரிசையில் நின்று பார்ப்பார்கள், பல இடங்களில் கட்டியவரே சுற்றிக் காட்டுவார். பிறகு உலகின் பல நகரங்கள் இதை எடுத்துக்கொண்டன.

உண்மையில் நம் ஊரில் இது இல்லை என்று யார் சொன்னது? கிரகப்பிரவேசம் வேறென்ன? பால் காய்ச்சி முடித்ததும் வந்த சனம் முழுக்கச் செருப்பைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க நடக்கும். சமையலறை மேடையைத் தடவிப் பார்க்கும், மாடிப்படி எத்தனை உயரம் என்று பேசும், சதுர அடிக்கு எவ்வளவு ஆயிற்று என்று கேட்கும், ‘ஹால்ல வெளிச்சம் நல்லா வருது, யார் போட்ட பிளான்?’ என்று விசாரிக்கும். மேஸ்திரிக்கும் தச்சருக்கும் வேட்டி துண்டு கொடுத்து மரியாதை செய்வார்கள். சின்ன ஊர் ஆர்க்கிடெக்டுக்கு அடுத்த வேலை அன்றைக்கு அந்தப் பந்தியில்தான் கிடைக்கும். விளம்பரத் தடை விதிகள் தொடாத, யாரும் கண்காட்சி என்று சொல்லாத கண்காட்சி அது.

ஆனால் அன்றைக்கு வீட்டில் பெயின்ட் வாசனை இருக்கும், ஒரு மழையையும் அது பார்த்திருக்காது. வீடு எப்படி நடந்துகொள்கிறது என்று தெரிய ஒரு சித்திரை வெயிலும் ஒரு ஐப்பசி மழையும் போக வேண்டும். எனவே கட்டி ஒரு வருடம் கழித்து, வீட்டுக்காரர் சம்மதத்தோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை திறக்கலாம். அப்போது கறை படிந்த இடமும் தெரியும், தெரியட்டும். ‘இந்த மூலையில் நீர் கசிந்தது, இப்படிச் சரிசெய்தோம்’ என்று அந்த வீட்டு அம்மாவே சொன்னால் அதைவிட நம்பகமான விளக்கப் பலகை எந்தக் கூடத்திலும் கிடைக்காது.

இதில் சங்கடங்களும் உண்டு. அது ஒருவருடைய வீடு. படுக்கையறை வரை முகம் தெரியாதவர்கள் வருவதை எல்லோரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்ளாதவரை வற்புறுத்தவே கூடாது. பத்துப் பத்துப் பேராக அனுப்ப வேண்டும், எந்த அறைக்குள் போகலாம் என்று முதலிலேயே பேசி வைக்க வேண்டும், வீட்டுக்காரர் பெயரையும் விலாசத்தையும் அழைப்பிதழில் போடாமல் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் சொல்வது நல்லது. பள்ளியோ, சமுதாயக் கூடமோ, அலுவலகமோ கட்டியிருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். அவ்வளவு பெரிய கூட்டமும் வராது. கூடத்தில் ஒரு வாரத்தில் வருவதில் சிறு பகுதிதான் இங்கே வரும். ஆனால் வந்தவர்கள் வீடு கட்ட நினைப்பவர்கள்.

கட்டடக் கலையில் ஆர்வம் என்று சொல்லிக்கொள்ளாத மக்கள் கட்டடத்தை எவ்வளவு ரசித்துப் பார்ப்பார்கள் என்று சந்தேகப்படுகிறவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தக்‌ஷிணசித்ராவுக்கு ஒரு விடுமுறை நாளில் போய்வரலாம். 1996-இல் திறந்த இடம் அது, வளாகத் திட்டத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். குடும்பம் குடும்பமாகத் திண்ணையில் உட்கார்ந்து தூணைத் தடவிப் பார்க்கிறார்கள், யாரும் பேனல் படிக்கச் சொல்லவில்லை.

பியன்னாலே பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே இடம் கிடைத்தால் பெயர் வரும், வெளிநாட்டுப் பத்திரிகையில் எழுதுவார்கள், பாடம் நடத்தக் கூப்பிடுவார்கள். குண்டுவின் வேலை 2012, 2016 வெனிஸ் கண்காட்சிகளில் வந்த பிறகு, 2020-இல் டென்மார்க்கின் லூயிசியானா அருங்காட்சியகம் அவருக்கென்று தனிக் கண்காட்சியே வைத்தது. ஆனால் உங்கள் ஊரில் வீடு கட்ட நினைப்பவருக்கு வெனிஸ் எங்கே இருக்கிறது என்ற கவலை இல்லை. பொருள் அனுப்பும் செலவும், போய்த் தங்கும் செலவும் சின்ன அலுவலகத்தை ஒரு வருடத்துக்கு முடக்கிப் போடும். அழைப்பு வந்தால் போங்கள். அதற்காகவே அலுவலகத்தை நடத்த வேண்டாம். உள்நாட்டுக் கூட்டுக் கண்காட்சி வேறு விஷயம். 2016-இல் மும்பை தேசிய நவீன ஓவியக்கூடத்தில் ராகுல் மெஹ்ரோத்ரா, ரஞ்சித் ஹோஸ்கோட்டே, கைவான் மேத்தா மூவரும் சேர்ந்து சுதந்திரத்துக்குப் பிந்தைய இந்தியக் கட்டடக் கலையை ஒரே இடத்தில் வைத்துக் கேள்வி கேட்டார்கள். அதுபோன்ற இடத்தில் உங்கள் வேலை தனியாக மின்னாது, ஆனால் சரியான பேச்சுக்குள் போய்ச் சேரும்.

ஆக, அந்த நான்கைந்து பேர் அலுவலகம் என்னிடம் கேட்டால் நான் சொல்வது இது. இரண்டு கட்டடங்களைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று வீடு, இன்னொன்று பள்ளி. மார்கழி, தை மாதங்களில், வெயில் இல்லாத இரண்டு ஞாயிறுகளில் திறங்கள். பள்ளியின் ஒரு வகுப்பறையில் அந்தக் கட்டடத்தின் பெரிய செக்‌ஷனும் ஒரே ஒரு 1:50 மாடலும் இருக்கட்டும். பார்த்துவிட்டு வந்து வரைபடத்தைப் படிப்பது பத்து மடங்கு சுலபம், இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். கட்டாமல் போன திட்டங்களையும் அங்கேயே ஒரு மேஜையில் வைக்கலாம். கட்டும் முறையில் ஏதாவது புதிதாகச் செய்திருந்தால், முற்றத்தில் மேஸ்திரியை வைத்து ஒரு முழ உயரச் சுவரை அன்று காலையில் தொடங்கச் சொல்லுங்கள், குழந்தைகளும் கல் வைக்கட்டும், மாலையில் அது பள்ளித் தோட்டத்துப் பாத்திக் கரையாக மாறட்டும். நாலைந்து வருடம் இப்படி நடத்திய பிறகு சென்னை லலித் கலா அகாடமி மாதிரி ஒரு கூடத்தை எடுப்பதில் அர்த்தம் உண்டு. அப்போது காட்டுவதற்கு வரைபடத்தோடு மக்கள் கேட்ட கேள்விகளும் கையில் இருக்கும்.

அழைப்பிதழிலும் வாசல் பலகையிலும் உங்கள் பெயரை எவ்வளவு பெரிதாகப் போடுகிறீர்களோ, அதே அளவில் கொத்தனார், தச்சர், கம்பி கட்டியவர், சித்தாள் பெயர்களையும் போடுங்கள், அவர்களிடம் கேட்டுவிட்டு. அன்றைய கூலியைக் கொடுத்து, குடும்பத்தோடு வரச் சொல்லுங்கள். அந்தச் சுவரைப் பற்றி யாராவது கேட்டால் முதலில் அவர்கள் பதில் சொல்லட்டும்.